நோவாவுக்கு மூன்றாவது கோட்

அந்தக் கார் ஓடும். சாவியைத் திருகினால் இரண்டாவது உறுமலில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கியர் விழும், பிரேக் பிடிக்கும், ஹாரன் கூட அடிக்கும். ஆனால் ஹார்லன் க்ரீக் நகராட்சியைப் பொறுத்தவரை அது ஓடாத கார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது.

வெண்டல் ஹூபர் அதை மூன்று முறை படித்தான்.

"வெறும் தகரமோ, பிரைமரோ, ஒன்றுக்கு மேற்பட்ட நிறமோ வெளியே தெரியும்படி வீட்டு முன் நிறுத்தப்பட்ட எந்த வாகனமும் ஓடாத வாகனமாகவே கருதப்படும். அக்டோபர் 20, திங்கள் காலை பத்து மணிக்கு மறு ஆய்வு. அதற்குள் சரி செய்யப்படாவிட்டால் வாகனம் அகற்றப்படும்."

அந்த நோவா காரில் மூன்று குற்றங்களுமே இருந்தன. எழுபத்திரண்டாம் வருட மாடல். இடது கதவு பச்சை. அது பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. வலது மட்கார்டு சிவப்பு. டிக்கி மூடி வெறும் தகரம். மீதி இடமெல்லாம் சாம்பல் நிறப் பிரைமர், நடுநடுவே பட்டி போட்டுத் தேய்த்த திட்டுகள். பதினோரு வருட வேலை. குளிர்சாதனப் பெட்டிக்குக் கதவு செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, ஒவ்வொரு சனி ஞாயிறும் பார்த்த வேலை.

அகற்றப்படும் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் முழங்கால் ஆபரேஷனுக்காக அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வாசலில் நின்ற பிக்கப் வண்டியை இதே போல ஒரு நோட்டீஸ் ஒட்டி இழுத்துப் போனார்கள். முப்பது நாளுக்குள் மீட்காவிட்டால் நசுக்கிவிடுவார்கள். அவன் ஊன்றுகோலோடு போய் நின்றபோது ஒரு வாஷிங் மிஷின் அளவுக்குத் தகரக் கட்டி ஒன்றைக் காட்டினார்கள். அதில் கதவின் கைப்பிடி ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது.

கராஜுக்குள் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கராஜ் இனி அவனுடையது இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் மனைவி கார்லா, ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். பன்னிரண்டு அடி நீளப் போர்வைத் தையல் மிஷின் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சர்ச்சில் ஒருத்தி கண் பார்வை மங்கியதால் கொடுத்துவிட்டாள். "அக்டோபர்ல கராஜ் உனக்கு" என்று வெண்டல் மார்ச் மாதத்திலேயே, அதுவும் கார்லாவின் அக்காவை சாட்சியாக வைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தான். இடத்தை அளந்து பார்க்கத்தான் செப்டம்பரில் காரை இரண்டு நாள் வெளியே தள்ளி நிறுத்தினார்கள். அந்த இரண்டு நாளில்தான் நோட்டீஸ் வந்து ஒட்டிக்கொண்டது.

மிஷின் வருவது பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. நகராட்சி வருவது இருபதாம் தேதி, திங்கட்கிழமை.

"உள்ள வெச்சா பொண்டாட்டி தூக்குவா, வெளிய வெச்சா டவுன் தூக்கும்," என்றார் பக்கத்து வீட்டு ஹெர்ஷல். நாற்பது வருடம் முடி வெட்டி ஓய்வு பெற்றவர். கார்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பெட்ரோல் போடும் ஓட்டை எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். ஆனால் அபிப்பிராயம் இல்லாமல் ஒரு நாளும் வேலி ஓரம் வந்ததில்லை.

"வெளிய போறதுக்கு முன்னாடி முழுக்கக் கறுப்பு அடிச்சுடுவேன்," என்றான் வெண்டல். "எப்பாக்ஸி பிரைமர். ரெண்டு டப்பா கலக்கறது. தகரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், துரு ஏறாது. காஞ்சா சிலேட்டு மாதிரி மங்கலா ஒரு பளபளப்பு வரும். பத்தடி தள்ளி நின்னா நல்ல பெயிண்டுன்னுதான் நினைப்பாங்க."

"பிரைமர்னா அடில போறதுதானே?"

"ஆமா."

"அப்ப ஜட்டியோட சர்ச்சுக்குப் போற மாதிரி இல்ல?"

"கறுப்பு ஜட்டி, ஹெர்ஷல். தூரத்துலேந்து பாத்தா பேண்ட் மாதிரிதான் இருக்கும்."

வெண்டலிடம் ஒரு குறை உண்டு. காரில் என்ன செய்தாலும் அதை விளக்காமல் அவனால் இருக்க முடியாது. கார்லாவின் அத்தை இறந்தபோது, சவப்பெட்டியின் பளபளப்பைப் பார்த்து அதற்கு எத்தனை கோட் அடித்திருப்பார்கள் என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து, "வெண்டல்" என்று பாதிப் பேச்சில் ஒரு வெட்டு வெட்டுவது கார்லாவுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த ஒரு சொல்லில் அவன் நிறுத்திவிடுவான். அவர்கள் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியது அந்த ஏற்பாட்டில்தான்.

புதன்கிழமை முதல் மூன்று நாள் லீவு போட்டான். கராஜின் நான்கு சுவருக்கும் பிளாஸ்டிக் தாள் கட்டினான். கதவை ஒரு சாண் தூக்கி, அந்த இடைவெளியில் காற்றாடி வைத்தான். தூசி எழும்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தான். காலையில் தகரம் தொட்டால் சில்லென்று இருந்தது. மண்ணெண்ணெய் ஹீட்டரைப் போட்டுச் சூடேற்றி, பிறகு அதை வெளியே தூக்கி வைத்தான். கராஜ் மூலையில்தான் வெந்நீர்க் கொதிகலன் இருந்தது. அதன் அடியில் எரியும் சின்னச் சுடர் போதும், பெயிண்ட் புகையில் வீடே மேலே போய்விடும். அதையும் அணைத்தான்.

"அப்ப நான் பச்சைத் தண்ணிலயா குளிக்கறது?" என்றாள் கார்லா.

"மூணே நாள்."

"உன் காரைச் சூடு பண்ண ஹீட்டர். எனக்குப் பச்சைத் தண்ணி."

"அது தகரம், கார்லா. பதினஞ்சு டிகிரிக்குக் கீழ போனா எப்பாக்ஸி—"

"வெண்டல்."

நிறுத்தினான்.

ஆனாலும் அவள் மனசு நல்ல மனசு. முந்தின நாள் இரவே பழைய துண்டுகளையெல்லாம் துவைத்து உலர்த்தி, மடித்து, கராஜ் வாசலில் ஒரு அடுக்காக வைத்திருந்தாள். வெண்டல் அதைப் பார்த்து நெகிழ்ந்து போனான். பெயிண்ட் அடிக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் திரவத்தை அந்தத் துண்டுகளில் நனைத்து, கார் முழுவதும் ஓர் அங்குலம் விடாமல் துடைத்தான்.

ஒன்றுக்கு ஒன்று என்று அளந்து கலந்தான். கலந்ததும் அடிக்கக்கூடாது, அரை மணி நேரம் விட வேண்டும். வாசலில் தலைகீழ் வாளியின் மேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கையும் வாயையும் அடைக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னை எடுத்தான்.

கூரை நன்றாக வந்தது. ஈரக் கறுப்பு, மேலே எரிந்த டியூப் லைட் அப்படியே அதில் கோடாகத் தெரிந்தது. இடது பக்கம் முடித்து பானெட்டுக்கு வந்து, ஒரு பட்டை அடித்து, அடுத்த பட்டைக்குக் கையைத் திருப்பினான். முதல் பட்டையில் ஏதோ நகர்ந்தது.

குனிந்து பார்த்தான். ஈரப் பெயிண்டில் கடுகு அளவுக்கு ஒரு வட்டம் திறந்தது. நடுவில் தகரம் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு கை அகலத்துக்கு நூறு. பெயிண்ட் ஒட்ட மறுத்து விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. பெயிண்ட்காரர்கள் இதை மீன்கண் என்பார்கள். திரும்பிக் கூரையைப் பார்த்தான். அங்கேயும் மீன்கள் கண் விழித்திருந்தன.

கன்னைத் தொங்கவிட்டு வெளியே வந்தான். காற்றுக் குழாயில் எண்ணெய் ஏறியிருக்குமோ என்று கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. துடைத்த திரவத்தை முகர்ந்தான். அதிலும் கோளாறில்லை. கடைசியில் துண்டு ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோனான்.

லாவண்டர் மணத்தது.

"கார்லா! இந்தத் துண்டை எதுல துவைச்சே?"

"சோப்புல. வேற எதுல துவைப்பாங்க?" சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"அப்புறம்?"

"டிரையர்ல போட்டேன்."

"டிரையர்ல என்ன போட்டே?"

"துணி மெத்துனு வர்றதுக்கு ஒரு தாள் போடுவோமே, அது. ஏன்?"

வெண்டல் அந்தத் துண்டை மடித்துக் கீழே வைத்தான். துணியை மெத்தென்று ஆக்கும் எதுவும் தகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத வழுக்கலை விட்டுவிடும். அதன் மேல் பெயிண்ட் நிற்காது. பெயிண்ட் பட்டறையில் வேலை செய்பவன் துடைத்து எறியும் காகிதத் துண்டைப் பயன்படுத்துவான். அவனுக்கு இந்தத் தவறு வராது. வீட்டில் பெயிண்ட் அடிப்பவனுக்கு மட்டுமே, அதுவும் நல்ல மனைவி வாய்த்தவனுக்கு மட்டுமே வரும்.

"அதனாலதான் போச்சு," என்றான்.

கார்லா வந்து பானெட்டைப் பார்த்தாள். "உன் முகத்துக்குன்னா அந்தத் தாளைப் போட்டிருக்க மாட்டேன்," என்றாள். "உன் காருக்குன்னுதான் போட்டேன்."

வெண்டல் ஸ்பிரே கன்னைக் கழுவப் போனான்.

வியாழக்கிழமை விடிந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூரை, பானெட், இடது பக்கம். மீன்கண் எல்லாம் மறையும்வரை தேய்த்தான். மூன்று முறை கழுவினான். கார்லா பள்ளியிலிருந்து காகிதத் துண்டு ஒரு பெரிய கட்டாகக் கொண்டுவந்தாள். மத்தியானம் இரண்டாவது கோட் அடித்தான். இந்த முறை ஒரு மீன்கூடக் கண் திறக்கவில்லை.

நாலு மணிக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்த சோயா வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. பழுப்புத் தூசி ஒரு சுவராக எழுந்து வந்தது. வெண்டல் காற்றாடியை நிறுத்தி, கதவை இறக்கி, பிளாஸ்டிக் தாளின் ஓரங்களைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றான். இருந்தாலும் எங்கிருந்தோ நுழைந்து, கூரை மேலும் டிக்கி மேலும் மணல் தூவினாற்போல உட்கார்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அதையும் தேய்த்தான். தேய்த்த இடம் வெளுத்து, தேய்க்காத இடம் கறுத்து, கார் மறுபடியும் இரண்டு நிறமாக நின்றது. இன்னொரு கோட் அவசியம். டப்பாவைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் இரண்டு காபிக் கோப்பை அளவுக்குத்தான் இருந்தது. முழுக் காருக்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். கடைக்குப் போன் போட்டான். செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள்.

தின்னர் டப்பாவை எடுத்தான்.

"சூப்புல தண்ணி ஊத்தற மாதிரியா?" என்றாள் கார்லா. மிஷினுக்கு இடம் அளக்க டேப்போடு வந்திருந்தாள்.

"கிட்டத்தட்ட. நாலுக்கு ஒண்ணு ஊத்தினா இளகிடும். மெல்லிசாப் பரவும். பட்டறைக்காரங்க இப்படி அடிக்கறதும் உண்டு. ஆனா இப்படி இளக்கினா அதுக்குப் பேரே வேற. அதைப் பிரைமர்னு சொல்ல மாட்டாங்க, அதுக்குப் பேரு—"

"வெண்டல்."

"என்ன?"

"எனக்குப் பேரெல்லாம் வேண்டாம். நாளைக்கு மிஷின் வருது."

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டான்.

அந்த மூன்றாவது கோட் மாதிரி அவன் வாழ்நாளில் ஒரு கோட் அடித்ததில்லை. இளகிய கறுப்பு, தகரத்தில் விழுந்த இடத்திலிருந்து தானாகவே பரவிப் படுத்துக்கொண்டது. ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி இல்லை, வழிசல் இல்லை, மணல் இல்லை. கதவு ஓரங்கள், டிக்கியின் உள்விளிம்பு, எல்லா இடத்திலும் கன்னைக் கொண்டுபோனான். கடைசிச் சொட்டு பின் பம்பருக்கு அடியில் தீர்ந்தது. மாலையில் காய்ந்ததும் பார்த்தால் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மழை நின்ற தார் ரோட்டைப் போல ஒரே கறுப்பாக ஒரு கார் நின்றது.

சனிக்கிழமை நான்கு ஆட்கள் மிஷினைச் சுமந்து வந்தார்கள். நோவா தன் எஞ்சினில் தானே ஓடி வாசல் சிமெண்ட் தளத்துக்கு வந்தது. வெண்டல் நம்பர் பிளேட்டைத் திருகி மாட்டினான், நான்கு டயருக்கும் காற்றடித்தான். கொதிகலனை மறுபடி பற்றவைத்தான். கார்லா அரை மணி நேரம் வெந்நீரில் குளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ஹெர்ஷல் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"நல்லாத்தான்யா இருக்கு," என்றார். "ஒண்ணே ஒண்ணு. உன் குப்பைத் தொட்டியைப் பாத்தியா?"

நீலத் தொட்டியின் மேலேயே காலி டப்பா நின்றது. பிரைமர் என்ற சொல், தெருவில் போகிறவன் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார்லா ஓடிப்போய் அதைத் தொட்டியின் அடியில் தள்ளி, மேலே இரண்டு பீட்ஸா அட்டைப் பெட்டிகளைப் போட்டு அழுத்தினாள்.

"அது சரி," என்றார் ஹெர்ஷல். "அந்த டப்பாவை மூடிட்டீங்க. இந்த டப்பாவை எப்படி மூடப்போறீங்க?" விரல் வெண்டலின் வாயைக் காட்டியது.

கார்லா அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை சமையலறை மேஜையில் அவனை எதிரே உட்கார வைத்தாள்.

"நாளைக்கு அந்த ஆள் என்ன கேட்டாலும் நீ ஒரே வார்த்தைதான் சொல்லணும். கறுப்பு."

"கறுப்பு."

"என்ன பெயிண்ட் இது?"

"கறுப்பு."

"எத்தனை கோட்?"

"கறு... கார்லா, அதுக்கெப்படிக் கறுப்புன்னு சொல்றது?"

"அதுக்கு ஞாபகமில்லைன்னு சொல்லு."

"ஞாபகமில்லையா? முதல் கோட்டு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு—"

"வெண்டல்!"

திங்கட்கிழமை சரியாகப் பத்து மணிக்கு நகராட்சியின் வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அடையாள அட்டையில் ரோண்டா ஃபென்ஸ்கி என்று இருந்தது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழுதுபலகையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். வெண்டல் காரின் ஒரு பக்கம் நின்றான், கார்லா மறுபக்கம். ஹெர்ஷல் வேலிக்கு அந்தப்புறம், ஏற்கெனவே நனைந்த செடிக்கு ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

உறுமியது.

"முன்னாடி கொஞ்சம். பின்னாடி கொஞ்சம். போதும்." நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டாள். டயர்களைக் காலால் தட்டினாள். பிறகு பேனா அடுத்த வரிக்கு வந்தது. "நிறம்?"

"கறுப்பு," என்றான் வெண்டல்.

கார்லா மூச்சு விட்டாள்.

ரோண்டா எழுதினாள். எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மட்கார்டின் பக்கம் குனிந்தாள். ஒரு கண்ணை மூடி, காரின் நீளத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். விரலின் பின்பக்கத்தால் கதவைத் தடவினாள்.

"ஒரு நெளிவுகூட இல்லையே," என்றாள். "ஒரு பொட்டு மணல்கூட இல்லை. இதை வீட்டு கராஜ்லயா அடிச்சீங்க?"

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் எப்போது முடிப்பாய் என்று கேட்டார்கள். எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள். எப்படி என்று கேட்டது இந்தப் பெண்தான்.

அவன் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"ஆமா மேடம், இதே கராஜ்தான். தரையை நனைச்சுட்டேன். தகரத்தைச் சூடு பண்ணிட்டேன். எப்பாக்ஸி, ஒண்ணுக்கு ஒண்ணு, கலந்து அரை மணி விட்டேன். முதல் கோட்ல மீன்கண் வந்துடுச்சு. துண்டுல லாவண்டர்..."

கார்லா இருமினாள். அவள் எப்போதும் வெட்டும் வெட்டு அது இல்லை. அரசாங்க ஆள் முன்னால் பெயர் சொல்லி அதட்ட முடியவில்லை. இருமலுக்கு அவன் நிற்கப் பழகியவன் இல்லை.

"...எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். கறுப்புப் பிரைமர் பாத்தீங்கன்னா, அதுல ஒரு விசேஷம்..."

வேலிக்கு அப்பால் குழாய் கீழே விழும் சத்தம் கேட்டது.

ரோண்டா நிமிர்ந்தாள். "பிரைமர்னு சொன்னீங்களா?"

வெண்டல் அவளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். "கறுப்பு," என்றான்.

"மிஸ்டர் ஹூபர், என் முன்னாள் புருஷன் ஒன்பது வருஷம் ஒரு காரைக் கராஜ்ல வெச்சிருந்தான். இது என்னன்னு வேன்ல இருந்து இறங்கும்போதே தெரியும். நீங்க கறுப்புன்னு சொன்னீங்க, நானும் கறுப்புன்னு எழுதினேன். அத்தோட போயிருப்பேன். இப்ப என் காதுல விழுந்துடுச்சு. காதுல விழுந்ததை எழுதித்தான் ஆகணும்."

பையிலிருந்து ஆரஞ்சு நிற நோட்டீஸ் கட்டை எடுத்தாள். பேனாவைக் காதிலிருந்து உருவினாள். வெண்டலின் கண்ணுக்கு முன் வாஷிங் மிஷின் அளவில் ஒரு கட்டி வந்து நின்றது, இந்த முறை கறுப்பாக.

"வெண்டல்," என்றாள் கார்லா.

அவன் வாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. ஆனால் அவள் குரல் வழக்கமான வெட்டு இல்லை. யோசனையில் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு பேரு சொல்ல வந்தே. தின்னர் ஊத்தினா அதுக்குப் பேரே வேறன்னு. நான் சொல்ல விடலை. என்ன பேரு அது?"

"இப்ப எதுக்கு?"

"சொல்லு. முழுசாச் சொல்லு. நான் நிறுத்த மாட்டேன்."

இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. பேச அனுமதி கிடைத்தபோது அவனுக்குப் பேச்சு தடுமாறியது. "சீலர்," என்றான்.

ரோண்டாவின் பேனா நின்றது. "எவ்வளவு ஊத்தினீங்க?"

"நாலுக்கு ஒண்ணு. தூசி விழுந்துடுச்சு, மேடம். மிச்சமிருந்தது பத்தலை. அதான் இளக்கி மூணாவது கோட்டா அடிச்சேன். பிரைமருக்கு மேல அதை மூடற பூச்சு, சீலர்."

"கார் முழுக்கவா? இல்ல, தேய்ச்ச இடத்துல மட்டுமா?"

"முழுக்க. கதவு ஓரம், டிக்கி உள்பக்கம் எல்லாம். வேணும்னா திறந்து காட்டறேன்."

திறந்து காட்டினான். அவள் ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தாள். பிறகு வேனுக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து, கார் மேல் வைக்காமல் கையிலேயே பிரித்துப் படித்தாள். அதை வெண்டல் கவனித்தான். காய்ந்து மூன்று நாள்தான் ஆன பெயிண்ட் மேல் புத்தகம் வைக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"பிரைமர் வெளியே தெரியும்படின்னு இருக்கு," என்றாள். "சீலரைப் பத்தி ஒண்ணும் இல்லை. ஆனா நீங்க வாயால சொன்னதை வெச்சு நான் எழுத முடியாது. ரெண்டும் ஒரே டப்பாலேந்து வந்ததுதானே? இளக்கினா சீலர்னு டப்பால போட்டிருக்கணும். டப்பா எங்க?"

வெண்டல், கார்லா, ஹெர்ஷல் மூன்று பேரும் நீலத் தொட்டியைப் பார்த்தார்கள்.

கார்லாதான் போனாள். பீட்ஸா பெட்டிகளை எடுத்துப் போட்டு, தோள்வரை கையை விட்டு, அடியிலிருந்து டப்பாவை இழுத்து வந்தாள். பெரிய எழுத்தில் இருந்த பிரைமர் என்ற சொல்லின் மேல் உருகிய சீஸ் ஒட்டிக் காய்ந்திருந்தது. ரோண்டா ஒரு கணம் அந்தச் சீஸையும், ஒரு கணம் கார்லாவையும் பார்த்தாள்.

"குப்பை போட இடமில்லை," என்றாள் கார்லா.

ரோண்டா டப்பாவைத் திருப்பினாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல எழுத்துகள். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. நாலுக்கு ஒன்று தின்னர் சேர்த்தால் சீலராகப் பயன்படுத்தலாம் என்று ஒரே ஒரு வரி அங்கே இருந்தது.

"பெரிய எழுத்தைப் படிச்சா இந்தக் கார் போகணும்," என்றாள். "சின்ன எழுத்தைப் படிச்சா இருக்கலாம். நகராட்சி எனக்குச் சம்பளம் கொடுக்கறது சின்ன எழுத்தைப் படிக்கத்தான்."

ஆரஞ்சுக் கட்டைப் பைக்குள் போட்டாள். எழுதுபலகையில் நிறம் கறுப்பு என்பதற்குப் பக்கத்தில் 'சீலர், முழு வண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நகலைக் கிழித்து வெண்டலிடம் கொடுத்தாள்.

"வெயில்ல இது தாங்காது, தெரியுமில்ல? ஒரு கோடைல வெளுத்துச் சாம்பலாப் போயிடும். அப்பக் கீழ இருக்கறதும் தெரியும், நானும் வருவேன். மே மாசத்துக்குள்ள மேல கலர் அடிங்க."

"அடிச்சுடறேன், மேடம்."

"உங்க பழைய வீட்டுக்காரர் கார் என்ன ஆச்சு?" வேலிக்கு மேலே ஹெர்ஷலின் தலை தெரிந்தது.

"இன்னும் பிரைமர்லதான் நிக்குது," என்றாள் ரோண்டா. "சீலர் வர்றவரைக்கும் நான் காத்திருக்கலை."

வேன் தெருமுனை திரும்பியது. பிறகு கார்லா டப்பாவைக் கழுவி, கராஜுக்குள் கொண்டுபோய், தையல் நூல்கண்டுகள் இருந்த அலமாரியில் மேல் தட்டில் வைத்தாள். சற்று நேரத்தில் மிஷின் ஓடத் தொடங்கியது.

"அப்ப மே மாசத்துக்கு என்ன கலர்?" என்றார் ஹெர்ஷல்.

"கலரை அப்புறம் பாக்கலாம், ஹெர்ஷல். முதல்ல ஒரே பெயிண்டா அடிக்கறதா, இல்ல கலர் தனியா, மேல பளபளப்புக்குக் கிளியர் தனியாவான்னு பாக்கணும். தனித்தனின்னா கலர் காஞ்சு எத்தனை மணி நேரத்துக்குள்ள கிளியர் போகணும்னா..."

ஹெர்ஷல் குழாயைச் சுருட்டிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

முன் கண்ணாடியில், செப்டம்பர் நோட்டீஸ் ஒட்டியிருந்த இடத்தில், பசை இன்னும் சதுரமாகத் தெரிந்தது. வெண்டல் சமையலறைக்குள் போய், மடித்து வைத்திருந்த துண்டுகளில் மேலே இருந்ததை எடுத்து வந்தான். கண்ணாடியில் வைப்பதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

திரும்ப உள்ளே போய்க் காகிதத் துண்டை எடுத்து வந்தான்.